நீ முன்னால போ

கல்யாணமான நாளிலிருந்து வான்மதி ஜெயபிரகாஷுக்குப் பின்னால்தான் நடந்து வந்திருக்கிறாள். யாரும் சட்டம் போட்டு வைக்கவில்லை. கல்யாணமான வாரம் திருச்செங்கோட்டு மலைப்படியில் அவன் விறுவிறுவென்று முன்னால் ஏறினான், பட்டுப்புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு இவள் பின்னால் ஏறினாள், அதுவே படிந்துவிட்டது. அமெரிக்கா வந்து நியூவார்க் ஏர்போர்ட்டில் இறங்கியபோதும் அப்படித்தான். குடியிருக்கும் பார்சிப்பனியில் காய் வாங்கப் போனாலும் காரை நிறுத்திவிட்டு அவன் பாட்டுக்குப் போய்விடுவான். மகள் தென்றலை இறக்கி, பையை எடுத்து, கதவைச் சாத்திவிட்டு இவள் ஓட்டமும் நடையுமாகப் போய்ச் சேர்ந்துகொள்வாள். அப்பேர்ப்பட்டவன் ஒரே ஒரு நாள், உறைந்து கிடந்த ஏரியின் நடுவில் நின்றுகொண்டு, "நீ முன்னால போ" என்றான்.

அந்த ஏரிக்கு அவர்கள் போனதே ஒரு போட்டோவுக்காக. அதே அபார்ட்மெண்டில் கீழ் வீட்டில் இருக்கும் கஸ்தூரிரங்கன், போன குளிர்காலத்தில் உறைந்த ஏரிமேல் நின்று, தான் பிடித்த மீனைக் கையில் ஏந்தியபடி ஒரு படத்தை வாட்ஸ்அப் குழுவில் போட்டிருந்தான். பிஸ்கட்டில் முட்டை இருக்கிறதா என்று அட்டையைத் திருப்பிப் படித்துவிட்டுத்தான் வாயில் வைக்கிற ஆள். பிடித்த மீனுக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டுத் திரும்பத் தண்ணீரிலேயே விட்டுவிட்டதாகக் கீழே எழுதியிருந்தான். குழுவில் அத்தனை பேரும் கைதட்டினார்கள். ஜெயபிரகாஷுக்கு வயிறு எரிந்தது. நாமக்கல்லில் பிறந்து காவிரி மீன் தின்று வளர்ந்தவன் தான் இங்கே சும்மா உட்கார்ந்திருக்க, தயிர்சாதத்தில் வளர்ந்தவன் மீனோடு நின்று சிரிக்கிறானே என்று ஒரு வருஷம் முழுக்கப் பொருமிக்கொண்டிருந்தான்.

அடுத்த குளிர்காலம் வந்ததும் கிளம்பிவிட்டான். கஸ்தூரிரங்கனிடம் ஒரு வார்த்தை விசாரித்திருந்தால் காபி ஆறுவதற்குள் எல்லாவற்றையும் சொல்லிக் கொடுத்திருப்பான். ஆனால் அவனிடம் போய்க் கேட்பதாவது. வழக்கம்போல் வான்மதியிடம், வீடியோவெல்லாம் பார்த்து எனக்கு ஒரு சம்மரி அனுப்பு என்று சொல்லிவிட்டான். அவர்கள் வீட்டில் எல்லாக் காரியமும் அப்படித்தான் நடக்கும். வருமான வரி, தென்றலின் ஸ்கூல், பழைய கார் வாங்குவது, எதுவானாலும் தேடிப் படிப்பது அவள், முடிவு அவனுடையது.

தென்றலை ஸ்கூல் பஸ்ஸில் ஏற்றிவிட்டு வந்து அவள் தினமும் உட்கார்ந்து பார்த்தாள். இன்ஜினியரிங் படித்தவள், எதையும் அரைகுறையாகச் செய்யத் தெரியாது. கண்ணாடி மாதிரித் தெளிவான ஐஸ்தான் பலம், வெள்ளையாகப் பொரிந்த ஐஸை நம்பக் கூடாது. முன்னால் கடப்பாரையால் குத்திப் பார்த்துக்கொண்டேதான் நடக்க வேண்டும். ஒட்டி நடக்கக் கூடாது. பலரும் நடந்து இறுகிய தடத்தை விட்டு விலகக் கூடாது. எல்லாவற்றையும்விட முக்கியம், கரையோர வீடுகளின் படகுத்துறைப் பக்கம் போகவே கூடாது. துறையின் மரக்கால்களை ஐஸ் நெரித்து உடைத்துவிடாமலிருக்க வீட்டுக்காரர்கள் தண்ணீருக்கடியில் மோட்டார் வைத்துக் குமிழி விட்டுக்கொண்டே இருப்பார்கள். மேலே பார்த்தால் பனி மூடிய தரை, அடியில் முறுக்கு கனத்துக்கு ஐஸ். இதையெல்லாம் நீளமாகத் தட்டி அவனுக்கு அனுப்பினாள். அனுப்பிய கையோடு ஒரு கட்டைவிரல் வந்தது. அவ்வளவையும் அவ்வளவு சீக்கிரம் யாராலும் படித்திருக்க முடியாது என்று அவளுக்குத் தெரியும்.

சாமான்கள் பெட்டி பெட்டியாக வந்து இறங்கின. ஐஸில் துளை போடப் பாட்டரி டிரில், மடக்குக் கூடாரம், போனை நிறுத்திப் படமெடுக்க முக்காலி, துளையில் மிதக்கும் ஐஸ் தூளை அள்ள ஜல்லிக்கரண்டி மாதிரி ஒன்று. இரண்டு முனையிலும் திருகுப் பூட்டு வைத்த கொக்கியோடு ஆரஞ்சு நிறக் கயிறு ஒன்றும் வந்தது, போட்டோவில் எடுப்பாகத் தெரியும் என்பதற்காக. கடப்பாரை மட்டும் வரவில்லை. நாம என்ன கிணறா வெட்டப் போறோம் என்று சிரித்தான். மீன் பிடிக்க லைசென்ஸ் எடுக்க வேண்டும் என்று அவள் நேரிலேயே சொல்லிப் பார்த்தாள். ஒரே ஒரு நாளைக்குப் போய் லைசென்ஸா என்று விட்டுவிட்டான்.

ஜனவரி கடைசியில் ஒரு சனிக்கிழமை. வெளியே போய்விட்டு வருகிறோம் என்று மட்டும் சொல்லித் தென்றலைக் கஸ்தூரிரங்கன் வீட்டில் விட்டுவிட்டு, வடக்கே ஓட்டிக்கொண்டு போனார்கள். படகு இறக்கும் சரிவுக்குப் பக்கத்தில் கார்கள் வரிசையாக நின்றன. அங்கிருந்து ஏரிக்குள் ஒரு தடம் போயிற்று. மீன் பிடிக்கிறவர்கள் சாமான் சறுக்குவண்டியை இழுத்து இழுத்து, பூட்ஸ் காலால் மிதித்து மிதித்து, சிமெண்ட் தரை மாதிரி ஆக்கி வைத்திருந்தார்கள். அதில் நடக்கும்போது கால் சத்தம் கட்டாந்தரையில் கேட்பது போலக் கேட்டது. ஓரத்தில் கால் வைத்தால் பூட்ஸ் கணுக்கால் வரை புதைந்தது. வான்மதி இதைக் கவனித்துக்கொண்டாள். ஜெயபிரகாஷ் முன்னால் போய்க்கொண்டிருந்தான்.

காலை முழுக்க மீன் மாட்டவில்லை. சுற்றிலும் உட்கார்ந்திருந்தவர்களுக்கு ஒன்றிரண்டு மாட்டின, இவனுக்கு ஒன்றும் இல்லை. முக்காலியில் நின்ற போன் அந்த ஒன்றுமில்லாததை வெகு நேரம் படம் பிடித்து, குளிரில் பாட்டரி செத்து அணைந்து போனது. மதியம் தாண்டியதும் மேற்கே வானம் சாம்பல் பூசிக்கொண்டது. மற்றவர்கள் ஒவ்வொருவராகச் சாமானைக் கட்டினார்கள். போகிற வழியில் ஒருவர் நின்று, பனிப் புயல் வருகிறது, கிளம்புங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார். ஜெயபிரகாஷ் தேங்க்யூ தேங்க்யூ என்று தலையாட்டிவிட்டுத் தூண்டிலைப் பார்த்தபடியே உட்கார்ந்திருந்தான்.

"என்னங்க, எல்லாரும் போயிட்டாங்க. நாமளும் போலாங்க" என்றாள்.

"ஒண்ணே ஒண்ணு மாட்டட்டும். வெறுங்கையோட போயி அவன் மூஞ்சில முழிக்கச் சொல்றியா?"

யாரும் அவனை யார் மூஞ்சியிலும் முழிக்கச் சொல்லவில்லை. மீன் பிடிக்கப் போனதே கஸ்தூரிரங்கனுக்குத் தெரியாது. ஆனால் மனசுக்குள் ஒருவனோடு மல்லுக்கு நிற்கிறவனிடம் என்னவென்று சொல்வது. அவள் பிளாஸ்கை மூடிப் பைக்குள் வைத்துவிட்டுக் காத்திருந்தாள்.

பனி விழ ஆரம்பித்தது என்று சொல்ல முடியாது. யாரோ கதவைத் திறந்துவிட்ட மாதிரி மொத்தமாக வந்து கொட்டியது. கரை போயிற்று, மரங்கள் போயின, கொஞ்ச நேரத்தில் மேல் எது கீழ் எது என்பதே மங்கிப்போனது. காற்றில் கூடாரம் பிய்த்துக்கொண்டு உருண்டு ஓடியது. அப்போதுதான் ஜெயபிரகாஷ் எழுந்தான். சாமானெல்லாம் கிடக்கட்டும் என்றான். கயிற்றின் ஒரு கொக்கியைத் தன் இடுப்பு பெல்ட்டில் மாட்டித் திருகினான், மறு கொக்கியை அவள் இடுப்பில் மாட்டினான். அதுவரைக்கும் சரிதான். அவளுக்குக்கூட அந்த நேரத்தில் அவன்மேல் ஒரு நம்பிக்கை வந்தது.

அவளுடைய போன் உள்சட்டைக்குள் உடம்புச் சூட்டில் இருந்ததால் உயிரோடு இருந்தது. எடுத்து, அவசர உதவிக்கு 911 கூப்பிடலாம் என்றாள். காற்றை மீறி அவன் கத்தினான்.

"வேண்டாம். லைசென்ஸ் இல்ல. போலீஸ் வருவான், ரிப்போர்ட் எழுதுவான். கிரீன் கார்டு கடைசி ஸ்டேஜ்ல இருக்கறப்ப ரெக்கார்டுல ஏதாச்சும் ஏறிச்சுன்னா எல்லாம் போச்சு. போன உள்ள வை."

லைசென்ஸ் இல்லாமல் தூண்டில் போட்டதற்கெல்லாம் கிரீன் கார்டை யாரும் பிடுங்குவதில்லை என்று வேறு எந்த நாளிலாவது அவள் வாதாடியிருப்பாள். ஆனால் பன்னிரண்டு வருஷமாக அந்த வீட்டில் அந்தப் பயம் நான்காவது ஆளாகக் குடியிருந்தது. சிவப்பு விளக்கில் கார் ஒரு அடி தள்ளி நின்றால் கிரீன் கார்டு. பக்கத்து வீட்டில் சண்டைச் சத்தம் கேட்டால் ஜன்னலைச் சாத்து, சாட்சி சொல்லக் கூப்பிட்டுவிடுவான், கிரீன் கார்டு. அவளுடைய கார்டும் அவன் விண்ணப்பத்தோடுதான் ஒட்டிக்கொண்டிருந்தது. போனை உள்ளே வைத்துவிட்டாள்.

வந்த தடத்தைத் தேடிப் பிடிக்கலாம் என்றாள். அவன் கையை நீட்டினான். பனித் திரைக்கு அப்பால் மஞ்சளாக ஒரு விளக்கு மங்கித் தெரிந்தது. வீடு, கரை, அவ்வளவுதான், நேராகப் போய்விடலாம் என்றான்.

"அது போட் நிறுத்தற டாக்காத்தான் இருக்குங்க. அங்க அடியில மோட்டார் ஓடும். ஐஸ் தாங்காது. மெசேஜ்லயே எழுதியிருந்தனே."

"லைட் தெரியுது, நேராப் போறத விட்டுட்டுத் தடத்தத் தேடறாளாம். நீ முன்னால போ. நீ வெயிட் கம்மி, நான் தொண்ணூறு கிலோ. ஐஸ் தாங்குதான்னு தெரிஞ்சுரும். ஏதாச்சும் ஆச்சுன்னா நான் புடிச்சு இழுத்துக்கறேன்."

அவனுடைய உத்தியோகமே சாஃப்ட்வேரைச் சோதித்துப் பார்ப்பது. பார்சிப்பனி ஆபீஸில் அவனுக்குக் கீழே ஒரு கூட்டமே சோதித்துக்கொண்டிருக்கிறது. இவளைத் தாங்குகிற ஐஸ் இவனையும் தாங்கும் என்று எந்தச் சோதனையிலும் தேறாது. அது இவளைத் தாங்குமா என்பது மட்டும்தான் தெரியவரும். இது அவளுக்கு அப்போதே தோன்றியது. தோன்றியும் நடந்தாள். இத்தனை வருஷம் அவன் சொன்ன பக்கம் திரும்பிப் பழகிய கால்கள், வாய் மறுத்தாலும் அவை பாட்டுக்குப் போகும். வீட்டில் சாப்பாட்டுக்குக் கடைசி ஆளாக உட்காருகிறவள், ஐஸுக்கு முதல் ஆளாகப் போனாள்.

கயிறு அனுமதித்த தூரத்தில் அவன் நிழல் மாதிரிப் பின்னால் வந்தான். காலடியில் கட்டாந்தரைச் சத்தம் இல்லை, பொதபொதவென்றுதான் இருந்தது. விளக்கு பெரிதாகிக்கொண்டே வந்தது. துறையின் கறுப்பு மரக்கால்கள் தெரியும் தூரத்தில், அடியிலிருந்து ஒரு ரீங்காரம் கேட்டது. மீன் தொட்டியில் ஓடுமே, அந்த மாதிரிச் சத்தம். நின்றாள்.

"மோட்டார் சத்தம் கேக்குதுங்க" என்று பின்னால் திரும்பிக் கத்தினாள்.

"ஜெனரேட்டரா இருக்கும். வீடு வந்துருச்சு. போ, போ."

அவள் இன்னொரு அடி வைத்தாள். காலடியில் அப்பளம் நொறுங்குகிற மாதிரி ஒரு ஓசை. இன்னும் ஒன்றும் ஆகவில்லை. அசையாமல் நின்று, மெதுவாகக் காலைப் பின்னால் எடுக்கலாம் என்று உடம்பைச் சாய்த்தாள். அதற்குள் தரை இல்லாமல் போய்விட்டது.

குளிர் என்ற சொல்லுக்கெல்லாம் அங்கே இடமில்லை. நெஞ்சை யாரோ இரண்டு கையாலும் பிடித்து நெரித்தது போல மூச்சு நின்றது. கால் எதையும் தொடவில்லை. ஜாக்கெட்டில் நிறைந்திருந்த காற்று அவளைக் கழுத்தளவில் நிறுத்தி வைத்திருந்தது. மூச்சு திரும்பியதும் முதலில் வந்த சொல் அம்மா இல்லை, கடவுள் இல்லை. "இழுங்க" என்று கத்தினாள். மறுபடியும் கத்தினாள். பிறகு இடுப்பிலிருந்த கயிற்றைத் தானே பிடித்துப் பலம் கொண்ட மட்டும் இழுத்தாள்.

கயிறு வந்தது. வாளி கழன்ற கிணற்றுக் கயிறு மாதிரி, கனமே இல்லாமல் வந்தது. பனியைக் கிழித்துக்கொண்டு கொக்கி அவள் கைக்கே வந்து சேர்ந்தது.

அந்தக் கொக்கியை அவள் எவ்வளவு நேரம் பார்த்தாள் என்று தெரியாது. ஒரு கணம்தான் இருக்கும். அதற்குமேல் பார்த்துக்கொண்டிருந்தால் சாக வேண்டியதுதான். வீடியோவில் பார்த்தது உடம்புக்கு ஞாபகம் வந்தது: வந்த திசைக்கே திரும்பு, தாங்கின ஐஸ் அங்கேதான் இருக்கிறது. திரும்பினாள். முழங்கைகளை ஐஸ்மேல் ஊன்றினாள், விளிம்பு உடைந்தது. மறுபடி ஊன்றினாள், மறுபடி உடைந்தது. மூன்றாவது இடம் தாங்கியது. நீந்துகிறவள் மாதிரிக் கால்களை உதைத்து, வயிற்றால் ஊர்ந்து மேலே வந்தாள். எழுந்து நிற்கவில்லை, அங்கிருந்து உருண்டு உருண்டு தள்ளிப் போனாள். பிறகு காய்ந்த பனியில் புரண்டாள். ஈரத்தை அது உறிஞ்சும் என்று பார்த்திருந்தாள். போன் தண்ணீரோடு போயிருந்தது. விளக்கு எரிந்த வீட்டைப் பார்த்து அடித்தொண்டையில் கூப்பிட்டாள். கதவு திறக்கவில்லை, யாரும் எட்டிப் பார்க்கவில்லை. ஆளில்லாத வீட்டில் இருட்டினால் தானாக எரியும் விளக்கு அது.

தன் காலடிகள் மூடிப்போவதற்குள் அவற்றின்மேலேயே தவழ்ந்து திரும்பினாள். கயிற்றின் நீளத்தைவிடவும் வெகுதூரம் தள்ளி ஜெயபிரகாஷ் நின்றிருந்தான். தரையோடு தரையாகத் தவழ்ந்து வந்தவளை அவன் பார்க்கவில்லை, விளக்கைப் பார்த்தபடி நின்றான். அவன் வலது கை வெறுங்கையாக இருந்தது. கையுறையைப் பல்லில் கவ்விக்கொண்டிருந்தான்.

தடித்த கையுறையோடு அந்தத் திருகுப் பூட்டைத் திறக்க முடியாது. புயலில் அதை மாட்டும்போதும் அவன் கையுறையைப் பல்லால் இழுத்துத்தான் கழற்றினான்.

அவளைப் பார்த்ததும் கையுறையை வாயிலிருந்து எடுத்தான். "கயிறு கழண்டுருச்சு மதி" என்றான். அழுதுகொண்டிருந்தான், அது நிஜ அழுகைதான். அவன் கெட்டவன் என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிட முடிந்தால் அவளுக்கு எவ்வளவோ சுலபமாக இருந்திருக்கும். தென்றல் பிறந்தபோது ஆஸ்பத்திரி நாற்காலியில் தூங்காமல் உட்கார்ந்திருந்தவன். அவளுடைய அப்பாவின் ஆபரேஷனுக்கு, அவள் கேட்பதற்கு முன்னால் டிக்கெட் போட்டுக் கொடுத்தவன். அப்படிப்பட்டவன் வாயில்தான் கையுறை இருந்தது.

பல் கிட்டித்துப்போய் அவளுக்குச் சரியாகப் பேச வரவில்லை. இந்த ஈரத்தோடு நின்றால் உடம்பு தாங்காது, நடந்தே ஆக வேண்டும். அவன் இருந்த இடத்தைவிட்டு அசைய மாட்டேன் என்றான், இங்கேயே நிற்கலாம், புயல் விட்டதும் போகலாம் என்றான். அவனை அப்படியே விட்டுவிட்டுப் போய்விடலாம் என்று ஒரு நினைப்பு வந்தது. வரவில்லை என்று சொன்னால் அது பொய். ஆனால் அவள் கொக்கியை எடுத்து அவன் பெல்ட்டில் மாட்டினாள். மரத்துப்போன விரலால் திருகை இறுக்க முடியவில்லை. அவனையே இறுக்கச் சொன்னாள். அவன் இறுக்கினான்.

"நான் கால் வெச்ச எடத்துலயே கால் வைங்க" என்றாள்.

விளக்குக்கு முதுகைக் காட்டி நடந்தாள். பார்த்துப் போவதற்கு ஒன்றும் இல்லை, எல்லாம் வெள்ளை. காலால் தேடினாள். ஒவ்வொரு அடியும் முதலில் குதிகாலால் தட்டினாள். பொதபொதவென்று புதைந்தது, புதைந்தது, புதைந்துகொண்டே இருந்தது. விரல்கள் இருக்கின்றனவா என்பதே தெரியவில்லை. அழுகை வந்தது, அதை நிறுத்தாமல் அதோடேயே நடந்தாள். ஒரு இடத்தில் புதுப்பனிக்கு அடியில் குதிகால் கட்டாந்தரையில் மோதியது மாதிரி நின்றது. பக்கத்தில் தட்டினாள், அதுவும் கெட்டி. அதற்கு அப்பால் புதைந்தது. காலையில் நடந்து வந்த தடம். எந்தப் பக்கம் கரை என்று தெரியாமல் ஒரு கணம் நின்றாள். வரும்போது முகத்தில் அறைந்த காற்று இப்போது முதுகில் அடித்தால் சரி என்று நினைத்தாள். புயலில் காற்று திசை மாறியும் இருக்கலாம். ஆனால் காலையில் வலது கைப் பக்கம் இருந்த கரையோர வீடுகள் இப்போது இடது கைப் பக்கம் இருக்க வேண்டும், விளக்கை விட்டு வந்த பக்கமும் அதுதான், பொருந்தி வந்தது. கெட்டியான தரையைக் கால் தவறாமல் பிடித்துக்கொண்டு நடந்தாள். தவறும்போதெல்லாம் நின்று, இரண்டு பக்கமும் தட்டிப் பார்த்து, மறுபடி ஏறிக்கொண்டாள். பின்னால் கயிறு இழுபடாமலும் தொய்யாமலும் வந்துகொண்டிருந்தது.

கடைசியில் கால் மேடேறியது. படகு இறக்கும் சரிவு. அவர்களுடைய கார் மட்டும் பனி மூடி நின்றது.

ஹீட்டரை முழுதாக வைத்தான். ஈரத் துணியைக் களைந்துவிட்டு, பின்சீட்டில் கிடந்த அவனுடைய கோட்டையும் தென்றலின் கம்பளியையும் சுற்றிக்கொண்டு அவள் உட்கார்ந்தாள். உடம்பு தூக்கிப் போட்டுக்கொண்டிருந்தது. காரிலேயே விட்டுப் போயிருந்த இன்னொரு பிளாஸ்கிலிருந்து அவன் காபி ஊற்றி, தானே அவள் வாயருகே பிடித்தான். பனி குறைந்து காரை எடுத்தபிறகு, ஆஸ்பத்திரிக்குப் போகலாமா, போனால் எப்படி ஆயிற்று என்று கேட்பார்கள் என்றான். அப்புறம் தனக்குத்தானே சொல்லிக்கொள்வது போல, நல்ல வேளை 911 கூப்பிடவில்லை என்றான்.

அப்போதுதான் அவள் அதைக் கேட்டாள்.

"கொக்கிய எப்பக் கழட்டுனீங்க? நான் உழுகறதுக்கு முன்னாலயா, பின்னாலயா?"

வைப்பர் போய் வந்து போய் வந்து கொண்டிருந்தது. கழண்டுவிட்டது என்று அவன் மறுபடி சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் அவள் நம்புவது போல இருந்துவிட்டிருப்பாளோ என்னவோ. வெகுதூரம் போனபிறகு, ரோட்டிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னான்.

"தென்றலுக்கு நம்மள்ல ஒருத்தராச்சும் வேணுமில்ல."

அப்படியானால் முன்னால்தான். ஐஸ் நொறுங்கும் ஓசையை அவள் காலடியில் கேட்டபோதே அவனும் கேட்டிருக்கிறான். அவள் அசையாமல் நின்ற அந்த நேரத்தில் அவன் கையுறையைப் பல்லால் இழுத்திருக்கிறான். ஏனென்றால் அவள் விழும்போது கயிறு இழுபடவே இல்லை. இப்போது யோசித்தால் அதுவும் புரிந்தது.

"அந்த ஒருத்தர் நானா இருக்கலாம்னு உங்களுக்குத் தோணவே இல்லைங்களா?" என்று கேட்டாள்.

அவன் வைப்பரை இன்னும் வேகமாக வைத்தான். தோன்றவில்லை என்பதுதான் பதில். அதில் கபடம்கூட இல்லை, அந்த யோசனையே அவனுக்குப் புதிதாக இருந்தது. அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. கம்பளியைத் தலைவரைக்கும் இழுத்துக்கொண்டாள்.

கால் விரல்களில் உணர்வு திரும்ப வெகு நாளாயிற்று. ஃப்ளூ என்று எல்லாரிடமும் சொன்னார்கள். அவளும் சொன்னாள். அவன் விண்ணப்பத்தோடு ஒட்டியிருக்கிற கார்டை நினைத்துச் சொன்னாளா, தென்றலை நினைத்துச் சொன்னாளா, பழக்கத்தில் சொன்னாளா, எதுவாகவும் இருக்கலாம். விஷயத்தை மூடி வைக்க ஜெயபிரகாஷால்தான் முடியவில்லை. பிப்ரவரியில் கஸ்தூரிரங்கன் வீட்டில் ஆளுக்கொரு சமையல் கொண்டுபோய்ச் சேர்ந்து சாப்பிட்ட அன்று, பேச்சு ஐஸில் மீன் பிடிப்பதற்குத் திரும்பியதும் அவன் ஆரம்பித்துவிட்டான். புயல், மஞ்சள் விளக்கு, உடைந்த ஐஸ், எல்லாம் நன்றாகவே சொன்னான். கடைசியில் கயிற்றைப் பிடித்து ஒரே இழுப்பாக இழுத்து மனைவியைக் கரையேற்றினான். பெண்கள் அய்யோ என்றார்கள். தென்றல் சாப்பாட்டுத் தட்டோடு வந்து நின்று, "Dad, you saved her?" என்று கேட்டாள். அவன் மகளின் தலையைத் தடவிக் கொடுத்தான்.

கஸ்தூரிரங்கன் மட்டும் வான்மதியைப் பார்த்தான். ஐஸைத் தெரிந்தவன். ஒன்றும் தெரியாமல் போயிருந்தும் கயிறு எடுத்துப் போகத் தோன்றியதே, அது பெரிய விஷயம் என்றான். எல்லாரும் அவள் பக்கம் திரும்பினார்கள். ஜெயபிரகாஷின் கையில் இருந்த கரண்டி அப்படியே நின்றது.

"ஆமாங்க, கயிறு இருந்துச்சு" என்றாள் வான்மதி. பிறகு தென்றலின் தட்டில் தீர்ந்துபோயிருந்த சாதத்தைப் பார்த்து, எடுத்துவரப் போனாள்.

கிரீன் கார்டு இன்னும் வரவில்லை. வந்தபிறகு என்ன என்பதை அவள் யாரிடமும் சொல்லவில்லை, ஜெயபிரகாஷும் கேட்கவில்லை. ஆனால் ஒன்று மாறிவிட்டது. இப்போதெல்லாம் அவன் அவளுக்கு முன்னால் நடப்பதில்லை. கோயிலானாலும் கடையானாலும் காரைப் பூட்டிவிட்டு நின்று, அவள் போகட்டும் என்று காத்திருந்து, இரண்டடி தள்ளிப் பின்னால் வருகிறான். தன் முதுகை அவள் பார்வைக்குக் கொடுக்க அவனால் முடியவில்லை. அது யாருக்கும் தெரியாது. கோயில் வாசலில் ஒரு ஆன்ட்டி அதைக் கவனித்துவிட்டு, மனைவிக்கு எவ்வளவு மரியாதை கொடுக்கிறார், கற்றுக்கொள்ளுங்கள் என்று தன் வீட்டுக்காரரிடம் சொன்னார். ஜெயபிரகாஷ் கூச்சத்தோடு சிரித்தான். வான்மதி செருப்பைக் கழற்றி வைத்துவிட்டுப் படியேறினாள். பின்னால் அவன் வருகிறானா என்று அவள் திரும்பிப் பார்ப்பதில்லை.